எங்களுக்கும் ஒரு கல்லறை

எங்களுக்கென்று ஒரு கல்லறை இல்லை என்பதுதான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கிருந்த பெரிய மனக்குறை. மற்றப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் கொலுசுக்கும் அழுதார்கள். நான் கல்லறைக்கு அழுதேன். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்லறைத் திருநாளன்று எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து பார்த்திருந்தால் அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் ஊர் என்று இப்போது வாய் கூசாமல் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவதற்கு ஆள் இருந்தது. விராலிமலையில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர் அது. நடுவில் பெரிய மாதா கோயில், அதைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள். நாங்கள் பொன்னமராவதிப் பக்கம். லாரி ஓட்டிய அப்பா விபத்தில் போய்ச் சேர்ந்ததும், பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒன்றுகூடி அம்மாவைப் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிறந்த வீட்டிலோ, எங்களைக் கேட்டுக்கொண்டா அவனைக் கட்டினாய் என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். யாரோ சொன்னதை நம்பி, அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு இந்த ஊர் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள். சமையல் வேலை கொடுத்தார்கள். கோயில் இடத்தில் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீட்டையும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஆஸ்டல்காரம்மா என்று பெயர். நான் ஆஸ்டல்காரம்மா மகள். எங்களுக்கு வேறு பெயர்கள் இருந்தது ஊருக்கு நினைவுக்கு வர வெகுநாள் ஆயிற்று.

கிறிஸ்தவ வேதத்தில் சேரச் சொல்லி அம்மாவை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள், அவள் குணம் அப்படி. மத்தியானச் சமையல் முடிந்ததும் கோயிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். அவளை எழுந்து போ என்று யாரும் சொல்லாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் தானாகவே சிஸ்டரிடம் போய், நானும் படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். செபங்களையெல்லாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தாள். எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். தப்பாகச் சொன்னால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு விழும்.

சரி, கல்லறைக்கு வருகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களின் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கும். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், சிலுவையில் அழிந்துபோன பெயரைக் கறுப்பு பெயின்டால் திரும்ப எழுதுவார்கள். வெளியூரில் இருப்பவர்கள் லீவு போட்டு வந்து சேருவார்கள். அன்று சாயங்காலம் அங்கேயே பூசை. பூசை முடிந்ததும் சாமியார் கல்லறை கல்லறையாகப் போவார். ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறைப் பக்கத்தில் நிற்கும். அவர் செத்தவர் பெயரைக் கேட்டு, செபம் சொல்லி, தீர்த்தம் தெளிப்பார். தோட்டம் முழுவதும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் ஊதுபத்திப் புகையும், பார்க்கிற இடமெல்லாம் மெழுகுவத்தியுமாக இருக்கும்.

பெரியவர்களுக்குச் செபம் முக்கியம். பிள்ளைகளுக்கு மெழுகு. உருகி வழிகிற மெழுகைச் சூட்டோடு சுரண்டி உருட்டிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். யார் உருண்டை பெரிது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் போட்டி நடக்கும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அவரவர் கல்லறை மெழுகை அவரவர்தான் எடுக்கலாம். நாங்கள் வந்த முதல் வருடம் அந்தச் சட்டம் தெரியாமல் நான் ஒரு கல்லறையில் கைவைத்துவிட்டேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டு, உங்களுக்குத்தான் கல்லறையே இல்லையே, அப்புறம் ஏன் இங்கே வருகிறாய் என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் அப்பாவை எரித்திருந்தார்கள். அதுவும் வேறு ஊரில்.

வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைத்தேன். நமக்கு ஏன் கல்லறை இல்லை, அப்பாவை ஏன் எரித்தீர்கள் என்று அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். மறுநாள் முழுவதும் ஹாஸ்டல் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

அடுத்த ஈஸ்டருக்கு அம்மாவும் நாங்களும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டோம். இனி நாமும் கிறிஸ்தவர்கள்தான் என்று நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அதிலும் ஒரு கணக்கு இருந்தது எனக்குத் தெரியவில்லை. பழைய கிறிஸ்தவர்கள், புதுக் கிறிஸ்தவர்கள் என்று இரண்டு வகையாம். நேற்று ஞானஸ்நானம் வாங்கியவர்கள் என்பார்கள். போன வருடம் வாங்கியிருந்தாலும், பத்து வருடத்துக்கு முன் வாங்கியிருந்தாலும் அது நேற்றுதான்.

அக்டோபர் செபமாலை மாதம். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிவில், மோட்சத்துக்குப் போகுமுன் காத்துக்கிடக்கிற ஆன்மாக்களுக்காக ஒரு செபம் வரும், குறிப்பாக யாரும் நினைக்காத ஆன்மாக்களுக்காக. பழைய கிறிஸ்தவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள். அம்மா புதுசு. ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துத் தேறியவள். சொல்வதெல்லாம் நிஜம் என்று நினைத்துவிட்டாள்.

ஒருநாள் மிலிட்டரிக்காரர் வீட்டில் செபமாலை. அவர் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், ஊர்ப் பங்குப் பேரவையின் தலைவர். கோயில் சம்பந்தமாக எதுவானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. செபம் முடிந்ததும் அம்மா, சாமியாருக்கு உதவியாகச் செபம் நடத்தும் உபதேசியாரிடம், யாரும் நினைக்காத ஆன்மா என்கிறோமே, அப்படி நம் ஊரிலும் உண்டா என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். உபதேசியார் செபமாலை மணியை உருட்டினார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மிலிட்டரிக்காரர், சுண்டல் ஆறுகிறது, எல்லாருக்கும் கொடுங்கள் என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். சுண்டல் கொதிக்கக் கொதிக்க இருந்தது. என் நாக்கு வெந்துபோனதால் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் மூன்று பக்கம் நேராகப் போகும். வடகிழக்கு மூலையில் மட்டும் உள்பக்கமாக மடங்கித் திரும்பும். அங்கே பாறை கிடக்கிறது, அதனால் வளைத்துக் கட்டினார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாறையெல்லாம் கிடையாது. சுவருக்கு வெளியே, கருவை மரத்தடியில் ஒரு மண்மேடு கிடந்தது. ஹாஸ்டலில் அம்மாவோடு காய் நறுக்கும் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். இந்த ஊரில் பிறந்த ஒருத்தி, கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் திரும்பி வந்திருக்கிறாள். வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. கிணற்றில் விழுந்துவிட்டாள். தானாகச் செத்தவர்களுக்கு சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை என்று அந்தக் காலத்தில் வெளியே புதைத்துவிட்டார்கள். பிறகு சுவர் கட்டியபோது மேட்டை வெளியே தள்ளிச் சுவரை வளைத்தது மிலிட்டரிக்காரர். இவ்வளவும் சொன்னவள், அவள் யார், பெயர் என்ன என்று கேட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையிலேயே அம்மா மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடவே நானும் தம்பியும். கருவையை வெட்டி ஒதுக்கினாள். மேட்டைச் செதுக்கி ஈரமண் போட்டு மெழுகினாள். ஹாஸ்டலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து அடித்தாள். இரண்டு தைலமரக் குச்சிகளைக் கட்டிச் சிலுவை நட்டாள். வேலை முடிந்து பார்த்தால், அடேயப்பா, உள்ளே இருந்த கல்லறைகளுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. இது யாருடைய கல்லறை என்று தம்பி கேட்டான். நம்முடையது என்றாள் அம்மா. எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

மிலிட்டரிக்காரர் வந்தார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்றார். யாரும் நினைக்காத கல்லறையாகக் கிடந்தது, அதனால் செய்தேன் என்றாள் அம்மா.

"அது கல்லறை இல்ல."

"பெறகு என்னங்கய்யா அது?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கு நான் மெழுகுவத்தி ஏத்துனா ஒங்களுக்கு என்னங்கய்யா வந்துச்சு?"

அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். சிலுவையைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்து நான் முன்னால் போய் நின்றேன். அவர் குச்சிச் சிலுவையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷர், சங்கடத்தோடுதான் பேசினார். சிலுவையை எடுத்துவிட்டுத் தலைவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால் வீடு கோயிலுடையது, பேரவை காலி செய்யச் சொல்லிவிடும். வீடு போனால் வேலையும் நிலைக்காது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவாய் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். போவதற்கு எங்களுக்கு ஒரு இடமும் கிடையாது. தம்பி அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான்.

அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"காலி பண்ணச் சொன்னா பண்றேன். நாளைக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் பண்ணுவேன்."

"எதுக்கும்மா இந்த வீம்பு? அவ யாரு ஒனக்கு?"

"எனக்குக் கதவத் தொறந்து விட்டீங்க. அவளுக்குத் தொறக்கல. அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம்."

உபதேசியார் எழுந்தார். போகும்போது வாசலில் நின்று எங்கள் வீட்டின் மேல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார். ஆசீர்வாதமா, ஆறுதலா என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே தூறல். கல்லறைத் தோட்டத்தில் குடையும் பிளாஸ்டிக் தாளுமாகப் பூசை நடந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவருக்கு வெளியே எங்கள் மூலையில் நின்றோம். சுவர் அம்மாவின் மார்பு உயரம். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரியும் இருந்தார்கள். மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது. அம்மா விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தாள். மழைக்கும் அவளுக்கும் அன்று நேரடிச் சண்டை.

பூசை முடிந்து, புதிதாக வந்திருந்த இளவயதுச் சாமியார் தீர்த்தச் செம்போடு கல்லறை கல்லறையாக வந்தார். மிலிட்டரிக்காரரின் அப்பாவும் அம்மாவும் படுத்திருந்த இரண்டு கிரானைட் கல்லறைகளும் எங்கள் மூலைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அங்கே செபம் சொல்லி முடித்தார். அதோடு வரிசை முடிந்தது. சாமியார் திரும்பப் போனார்.

"சாமி" என்றாள் அம்மா. தோட்டம் முழுக்கக் கேட்டது. "யாரும் நெனைக்காத ஆன்மாவுக்குன்னு தெனமும் வேண்டிக்கிறோம். இந்தா, இங்கிட்டு ஒருத்தி இருக்கா. நெசமாத்தான் வேண்டிக்கிறோமா, சும்மா சொல்றோமா?"

உபதேசியார் ஓடிப்போய்ச் சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். சாமியார் எங்களைப் பார்த்தார், மடங்கித் திரும்பும் சுவரைப் பார்த்தார். வாசல் வழியாகச் சுற்றி வரப் பாதை கிடையாது, முள்ளுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். அவர் தீர்த்தச் செம்பை உபதேசியாரிடம் கொடுத்தார். வெள்ளை அங்கியை வேட்டி மாதிரித் தூக்கிச் செருகிக்கொண்டார். சுவரில் கைவைத்து ஏறி எங்கள் பக்கம் குதித்தார். சேறு என் பாவாடையில் தெறித்தது. சாமியார் சுவர் ஏறிக் குதித்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

சுவருக்கு மேலாகக் கைநீட்டிச் செம்பை வாங்கிக்கொண்டு, எல்லாக் கல்லறையிலும் கேட்ட கேள்வியை எங்களிடமும் கேட்டார். செத்தவர் பெயர் என்ன?

அம்மா வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மண் சுமந்தாள், சுண்ணாம்பு அடித்தாள், ஊரையே எதிர்த்து நின்றாள். பெயர் மட்டும் அவளிடம் இல்லை.

"தெரியாதுங்க சாமி. எல்லாத்துகிட்டயும் கேட்டேன். யாரும் சொல்லல."

சாமியார் தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். வயதானவர்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. குடைமேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெயர் இல்லாவிட்டால் செபம் சொல்ல மாட்டார்களோ, எங்கள் கல்லறை செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"செசிலி."

சொன்னது மிலிட்டரிக்காரர். தன் பெற்றோரின் கல்லறைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். முதலில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவரே திரும்பச் சொன்னார்.

"செசிலி மேரி. என் கூடப் பொறந்தவ."

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லிச் செபத்தை ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேர்தான் பதில் சொன்னோம். பிறகு உபதேசியாரின் குரல் சேர்ந்தது. பிறகு பெண்கள். முடியும்போது தோட்டம் முழுவதும் சொன்னது. தீர்த்தமும் மழையும் சேர்ந்து அடித்ததில் எங்கள் சுண்ணாம்பெல்லாம் கரைந்து ஓடியது. அம்மா அதைச் சட்டை செய்யவே இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குள் மிலிட்டரிக்காரரைக் காணவில்லை. சுவர் ஏறுகிற வயது இல்லை அவருக்கு. வாசல் வழியாகப் போய், முள்ளுக்குள் நுழைந்து சுற்றி வந்திருக்கிறார். வேட்டி கிழிந்து, முழங்காலில் ரத்தக் கீறலோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். கல்லறையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கூடப் பிறந்தவள் என்று வேறு சொல்லிவிட்டாரே. சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"இது எங்க கல்லறை."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா தாயி. ஒங்க கல்லறைதான். நான் இப்பிடி ஓரமா நின்னுக்கிறேன்."

அம்மா தம்பியைத் தன் பக்கம் இழுத்து, குடையை நகர்த்தி, அவருக்கு இடம் விட்டாள். அவர் பட்டாளத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். மோவாய் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாக ஒரு கை மெழுகுவத்தியை நீட்டியது. மிலிட்டரிக்காரரின் மனைவி. அப்புறம் இன்னொரு கை, இன்னொன்று. நான் வாங்கி வாங்கி ஊன்றினேன். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ஊரிலேயே அதிக மெழுகு எங்கள் கல்லறையில்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் உருண்டையை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. போன வருடம் கையைத் தட்டிவிட்டவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். யோசித்துத்தான் கொடுத்தேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. அடுத்த கோடையில் அந்த மூலைச் சுவரை இடித்து நேராகக் கட்டினார்கள். விரிசல் விட்டுவிட்டதால் கட்டுகிறோம் என்று பேரவை கோயிலில் அறிவித்தது. எந்த விரிசல் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்பாளோ என்று நான் பயந்தேன். நல்லவேளை, அவள் அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. திருநாளன்று சாயங்காலம் வீடு திரும்புகிற வழியெல்லாம் நான் கோபத்தில் பொருமிக்கொண்டே வந்தேன். கிரானைட் போட்ட கல்லறை இரண்டு வைத்திருக்கிறார். எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு மண் கல்லறை. அதற்கும் பங்குக்கு வந்தால் எப்படி? அந்த மனுஷர் ஏன் உள்ளே தன் இடத்திலேயே நிற்காமல் எங்கள் இடத்துக்கு வந்தார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"அங்கிட்டு நிக்க அவருக்கு முடியலடி" என்றாள் அம்மா.

எனக்கு அது விளங்கவில்லை. சொந்த ஊர், சொந்தக் கோயில், அப்பா அம்மா படுத்திருக்கிற சொந்த மண். அங்கே நிற்க ஒரு மனுஷருக்கு எப்படி முடியாமல் போகும்? நிற்க இடமில்லாத கஷ்டமெல்லாம் எங்களை மாதிரி வந்தவர்களுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.